ஆறரை யூனிட்டுக்குள் ஒரு டெல்லி நாள்

டெல்லியில் வீட்டு மின்சாரத்துக்கு இரண்டு கோடுகள் உண்டு. மாதம் 200 யூனிட்டுக்குள் நின்றால் பில் பூஜ்யம். 201 முதல் 400 வரை போனால் பாதிக் கட்டணம், அந்தச் சலுகையும் 800 ரூபாயோடு நின்றுவிடும். 401 ஆகிவிட்டால் சலுகை என்ற பேச்சே இல்லை. 2019 ஆகஸ்டில் வந்த ஏற்பாடு இது. 2022 அக்டோபரிலிருந்து வேண்டும் என்று கேட்டுப் பதிந்தவர்களுக்கு மட்டும்தான். தனி மீட்டர் இல்லாமல் வீட்டுக்காரரின் சப் மீட்டரில் யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று கொடுத்துக்கொண்டிருக்கும் வாடகைக்காரர்கள் முதலில் அந்தச் சிக்கலைத் தீர்த்துவிட்டு வரவும். கீழே உள்ளது எதுவும் அவர்களுக்குப் பலன் தராது.

கட்டண அட்டவணையைப் பார்த்தால் முதல் 200 யூனிட்டுக்குத் தலா 3 ரூபாய், அடுத்த 200க்கு 4.50, அதற்கு மேல் 800 வரை 6.50. இதற்கு மேல் நிலைக் கட்டணம், சர்சார்ஜ், வரி. பார்க்க சாதுவான அட்டவணைதான். சலுகையையும் சேர்த்துக் கணக்குப் போடும்போதுதான் அதன் குணம் தெரியும். 200வது யூனிட் இலவசம். 201வது யூனிட் எங்கள் வீட்டுக்கு நானூறு, ஐநூறு ரூபாய். 400வது யூனிட் சில்லறைக் காசு. 401வது யூனிட்டின் விலை 800 ரூபாய்க்கு மேல். ஆகவே மின்சாரச் சிக்கனம் என்று பொதுவாகப் பேசிப் பயனில்லை. எந்த மாதம் எந்தக் கோட்டுக்குக் கீழே நிற்கப்போகிறோம் என்று முன்னாலேயே முடிவு செய்துவிட்டால் எதை ரிப்பேர் செய்வது, எதை வாங்குவது, எதைக் கண்டுகொள்ளாமல் விடுவது என்பதெல்லாம் அதிலிருந்தே வந்துவிடும்.

நாங்கள் மயூர் விஹாரில் வாடகைக்கு இருக்கிறோம். நான், மனைவி, ஒன்பதாவது படிக்கும் மகள், அம்மா. போன கோடை வரை மே, ஜூன் பில்கள் மூவாயிரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தன. இந்த வருடம் போட்ட திட்டம் இதுதான்: ஜூன் கடைசி வரை ஏசி கிடையாது, கூலர் மட்டும், 200க்குள். மழை வந்து புழுக்கம் தொடங்கியதும் ஏசி, 400க்குள். அக்டோபரிலிருந்து மறுபடி 200. மாதம் 200 என்றால் நாளுக்கு ஆறரை யூனிட் சொச்சம். ஒன்று கவனிக்க வேண்டும். பில் மாதம் என்பது ஒன்றாம் தேதியிலிருந்து முப்பதாம் தேதி வரை அல்ல, ரீடிங் எடுத்த நாளிலிருந்து அடுத்த ரீடிங் வரை. அதனால் மாத எண்ணை விட நாள் எண்தான் கைக்கு அடக்கமானது.

முதல் வேலை, எது எவ்வளவு குடிக்கிறது என்று கண்டுபிடிப்பது. இதற்குக் கருவி எதுவும் வாங்கவில்லை. எலெக்ட்ரானிக் மீட்டரில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும். பக்கத்திலேயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை மின்னல் என்று அச்சடித்திருக்கும். எங்கள் மீட்டரில் 3200. அப்படியென்றால் 1125ஐ இரண்டு மின்னலுக்கு இடையிலான விநாடிகளால் வகுத்தால் அந்த நேரத்தில் ஓடும் வாட் வந்துவிடும். பதினைந்து விநாடிக்கு ஒரு மின்னல் என்றால் 75 வாட், அதாவது ஒரு பழைய சீலிங் ஃபேன். உங்கள் மீட்டரில் 1600 என்று இருந்தால் 2250ஐ வகுக்க வேண்டும்.

மீட்டர் தரைத்தளத்தில் படிக்கட்டுக்குக் கீழே, நாங்கள் இரண்டாவது மாடி. மகள் போனில் ஸ்டாப்வாட்சோடு கீழே நின்றாள். நான் மேலே ஒவ்வொரு ஸ்விட்சாகப் போட்டு அணைத்துக்கொண்டே மனைவியின் போனில் அவளோடு பேசிக்கொண்டிருந்தேன். ஃப்ரிட்ஜ் பிளக்கைக்கூடப் பிடுங்கி, எல்லாவற்றையும் அணைத்த பிறகு, “அப்பா, இன்னும் மின்னுதுப்பா” என்றாள். இருபது விநாடிக்கு ஒன்று. 56 வாட். வீட்டில் யாரும் எதையும் பயன்படுத்தாதபோதே நாளுக்கு ஒன்றேகால் யூனிட்டுக்கு மேல் போய்க்கொண்டிருந்தது.

சந்தேகப்பட்டது செட்டாப் பாக்ஸை. பிடிபட்டது இன்வெர்ட்டர். அதன் லைனை எடுத்ததும் மின்னலுக்கு இடையே ஐம்பத்தைந்து விநாடி ஆனது. அதாவது வயதான அந்த பேட்டரியை நிறைத்து வைத்திருப்பதற்கே 36 வாட், மாதம் 26 யூனிட். எங்கள் பகுதியில் கரன்ட் போவது அபூர்வம், போனாலும் பத்து நிமிடத்தில் வந்துவிடும். பேட்டரியை எடைக்குப் போட்டேன். அம்மாவுக்குத்தான் மனசில்லை. “ராத்திரியில போச்சுன்னா என்னடா பண்றது?” என்று கேட்டார். சார்ஜ் செய்கிற எமர்ஜென்சி விளக்கு ஒன்றை அவர் கட்டில் பக்கத்தில் வைத்ததும் சமாதானமாகிவிட்டார். செட்டாப் பாக்ஸுக்கு ஸ்விட்ச் உள்ள எக்ஸ்டென்ஷன் போர்டு. டிவியை ரிமோட்டில் அணைத்தால் போதாது, போர்டிலும் அணைக்க வேண்டும் என்பது இப்போது வீட்டுச் சட்டம். வைஃபை ரவுட்டரில் கை வைக்கவில்லை. அதில் கை வைத்தால் வீட்டில் குடியிருக்க முடியாது.

ஃப்ரிட்ஜில் பெரிய வேலை இல்லை. கதவு ரப்பருக்கு நடுவே ஒரு காகிதத் துண்டை வைத்து மூடி இழுத்துப் பார்த்தேன். கீழ் மூலையில் மட்டும் தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. ரப்பர் மடிப்புகளில் இருந்த அழுக்கைப் பழைய பல் துலக்கும் பிரஷால் எடுத்து, வெந்நீரில் நனைத்த துணியை அந்த மூலையில் ஒற்றி ஒற்றி ரப்பரை இளக வைத்து, மெலிதாக வாஸலின் தடவிக் கதவை மூடி விட்டேன். மறுநாள் காகிதம் பிடித்துக்கொண்டது. பின்பக்கக் கம்பிகளில் கம்பளி மாதிரி தூசி. அதையும் எடுத்து, ஃப்ரிட்ஜைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தேன். இப்போது நாளுக்கு ஒன்றேகால் யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு.

ஃபேன் விஷயத்தில் எனக்கு ஒரு கருத்து உண்டு. பிஎல்டிசி என்று விற்கும் புது வகை மோட்டார் ஃபேன் 28 முதல் 35 வாட்டில் ஓடும், பழையது 75 வாட். உண்மைதான். ஒரு ஃபேனை மாற்றினால் மாதம் இருபது யூனிட் அளவுக்கு மிச்சம், அதுவும் உண்மை. ஆனால் ஏற்கெனவே 150 யூனிட்டில் நிற்கும் வீட்டுக்கு அந்த இருபது யூனிட்டின் மதிப்பு பூஜ்யம். மூவாயிரம் ரூபாய் கொடுத்து ஃபேன் வாங்கிப் பூஜ்யத்தைச் சேமிப்பதில் அர்த்தமில்லை. ஏசி இல்லாமல் போட்டுப் பார்த்த எங்கள் கோடைக் கணக்கு 230, 240 என்று வந்துகொண்டிருந்தது. அதனால்தான் கூடத்திலும் படுக்கையறையிலும் இரண்டை மட்டும் மாற்றினோம். அம்மா அறையில் உள்ளது பழையதே. அவருக்கு மெதுவாகச் சுற்றினால் போதும், மேலும் அந்தச் சத்தம் இல்லாமல் தூக்கம் வராது.

இனி கூலர், நனைந்த மரச்சீவல் வழியாகக் காற்றை இழுத்துக் குளிரவைக்கும் பெட்டி. இரும்புத் தகரப் பெட்டி, பதினெட்டு அங்குல ஃபேன். முன்பு இருந்த வாடகைக்காரர்கள் பால்கனியில் விட்டுப்போனது. இத்தனை வருடமும் அதன் மேல் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தோம். மே மாத வெயில் தொடங்கிவிட்டால் மெக்கானிக் கையில் சிக்க மாட்டார், மரச்சீவல் விலையும் ஏறிவிடும். அதனால் மார்ச் கடைசியிலேயே பிரித்தேன். இரும்பு கூலரில் வேலை செய்யும் யாருக்கும் முதல் விதி, பிளக்கைக் கையால் பிடுங்கி வெளியே வைப்பது. ஸ்விட்சை அணைத்தால் போதாது. தண்ணீரும் தகரமும் தோல் கிழிந்த ஒயரும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. ஷாக் அடித்துச் செத்தவர்கள் செய்தி ஒவ்வொரு கோடையிலும் வருகிறது.

மூன்று பக்கக் கதவுகளையும் கழற்றினால் பழைய சீவல் கையில் எடுத்ததுமே பொடிந்தது. அதைக் குப்பையில் போட்டேன். தொட்டியின் அடியில் துரு. கம்பி பிரஷால் உலோகம் தெரியும் வரை தேய்த்தேன். ஊசி முனை அளவுக்கு மூன்று ஓட்டைகள். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால் நட்சத்திரம் மாதிரி தெரியும். ஓட்டை அடைக்கும் எம்சீல் பசையைப் பிசைந்து உள்ளேயும் வெளியேயும் அழுத்தி, அது இறுகிய பிறகு தொட்டி முழுக்கத் தார் பெயின்ட் இரண்டு கோட். ஒவ்வொரு கோட்டும் நன்றாகக் காய வேண்டும், அவசரப்பட்டுத் தண்ணீர் விட்டால் வாரக்கணக்கில் நாற்றம் போகாது.

பம்பும் தண்ணீர்க் குழாய்களும் வெள்ளை உப்பு பிடித்துக் கிடந்தன. மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பை வெந்நீரில் கரைத்து, அதில் பம்பின் அடிமூடியையும் சக்கரத்தையும் குழாய்களையும் ஊறப்போட்டேன். ஒயர் உள்ள மோட்டார் பாகத்தை அதில் போடக்கூடாது. நுரை அடங்கியதும் கழுவினால் பிளாஸ்டிக்கின் பழைய நிறம் தெரிந்தது. குழாயில் வரிசையாக உள்ள துளைகளில் பாதி அடைத்திருந்தன. ஒவ்வொன்றிலும் கோணி ஊசியை விட்டுத் திறந்தேன். இந்த வேலைதான் எல்லாவற்றையும் விட முக்கியம் என்று நினைக்கிறேன். ஒரு துளை அடைத்தால் அதற்குக் கீழே சீவல் காய்ந்த பட்டையாக நிற்கும். ஃபேன் அந்தக் காய்ந்த இடத்தின் வழியாகத்தான் காற்றை அதிகம் இழுக்கும், வெளி வெயில் அப்படியே அறைக்குள் வரும். கூலர் குளிர்ச்சி தரவில்லை என்று சொல்பவர்கள் வீட்டில் பெரும்பாலும் இதுதான் கதை.

ஃபேன் சோம்பேறியாகச் சுற்றியது. கையால் தள்ளிவிட்டால் வேகம் பிடித்தது. அப்படியென்றால் பழுது, மோட்டார் சுற்றத் தொடங்க உதவும் கெபாசிட்டரில். பழையதன் மேல் எழுதியிருக்கும் மைக்ரோஃபாரட் எண், வோல்ட் எண் இரண்டும் அதேபோல உள்ள புதிதை வாங்கிப் போட வேண்டும், பெரிதாகப் போட்டால் வேகம் கூடும் என்று கடைப்பையன் சொல்வதைக் கேட்கக்கூடாது. கழற்றும் முன் பழையதன் இரண்டு முனைகளையும் ஒரு பல்பின் ஒயர்களால் இணைத்து மிச்ச சார்ஜை இறக்கிவிடுவது நல்லது. சாந்தினி சௌக் பக்கம் போக வேண்டியிருந்ததால் பாகீரத் பேலஸில் கெபாசிட்டர், புது மூன்று முள் பிளக், நல்ல மூன்று இழை ஒயர் எல்லாம் வாங்கிவிட்டேன். மின்சாரச் சாமான்களுக்கு அங்கே உள்ள விலை நம் தெருவில் இருக்காது. ஆனால் இந்த மூன்று சாமானுக்காக மட்டும் மெட்ரோ ஏறிப் போனால் கட்டுப்படியாகாது.

எர்த் ஒயரைத் தகரப் பெட்டியில் பெயின்ட் சுரண்டிய இடத்தில் போல்ட் போட்டு இறுக்கினேன். சுவர் சாக்கெட்டில் எர்த் உண்மையாகவே வருகிறதா என்பதை மட்டும் எலெக்ட்ரீஷியனை அழைத்துப் பார்க்கச் சொன்னேன். மூன்று ஓட்டை இருப்பதால் மூன்றிலும் ஒயர் இருக்கும் என்று டெல்லி வாடகை வீடுகளில் நம்ப முடியாது. அவரிடமே அந்த லைனுக்கு 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது மின்கசிவு வந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச், ஒன்றும் போடச் சொல்லிவிட்டேன். இதில் காசு பார்க்கவில்லை.

புது மரச்சீவலைக் கடையில் புல் என்றே சொல்லி எடை போட்டுக் கொடுப்பார்கள். தேன்கூடு அட்டைகள் கூடுதல் நாள் உழைக்கும், ஆனால் எங்கள் பழைய கதவுச் சட்டத்துக்குப் பொருந்தும் அளவு கிடைக்கவில்லை. சீவலை ஒரு ராத்திரி பக்கெட்டில் ஊறவைத்து, மஞ்சள் தண்ணீரைக் கொட்டிவிட்டு, விரல்களால் உதிர்த்து உதிர்த்து வலைக்குள் பரப்பினேன். அமுக்கி அடைத்தால் காற்று வராது, தளர விட்டால் நனைந்ததும் சரிந்து மேலே இடைவெளி விழும். வலைக்கு வெளியே கை வைத்துப் பார்த்தால் எங்கும் ஒரே கனம் தெரிய வேண்டும். சீவல், பம்புக்கு ஒரு புது வாஷர், எம்சீல், பெயின்ட், கெபாசிட்டர், பிளக், ஒயர் எல்லாம் சேர்த்து ஆயிரத்தைச் சற்றுத் தாண்டியது. ஆர்சிசிபி தனி.

ஓடவிட்டு மீட்டரில் பார்த்தால் ஃபேனும் பம்பும் சேர்த்து 180 வாட். பன்னிரண்டு மணி நேரத்துக்கு 2.2 யூனிட். எங்கள் பழைய ஒன்றரை டன் ஏசி ஓடும்போது ஒன்றரை கிலோவாட் இழுக்கும், ஒன்றரை மணி நேரத்தில் அதே 2.2 யூனிட்டைத் தின்றுவிடும்.

பெட்டியை ஜன்னலுக்கு வெளியே பால்கனியில் நிறுத்தி, மேலே பழைய பிளைவுட் ஒன்றை நிழலுக்கு வைத்தேன். எதிர்ப்பக்க ஜன்னலைக் கொஞ்சம் திறந்தே வைக்க வேண்டும். ஏசி பழக்கத்தில் வளர்ந்தவர்கள் எல்லாவற்றையும் மூடிவிட்டு, ஒரு மணி நேரத்தில் பிசுபிசுக்கிறது என்பார்கள். கூலர் உள்ளே தள்ளும் காற்று வெளியே போக வழி வேண்டும். லூ என்ற அனல் காற்று அடிக்கும் மே மாதத்தில் வெளியே நாற்பத்து மூன்று, நாற்பத்து நான்கு டிகிரி, காற்றில் ஈரமே இல்லை. அப்போது இந்தத் தகரப் பெட்டி தரும் சுகம் ஏசியில்கூடக் கிடையாது என்பேன். மனைவி ஒத்துக்கொள்வதில்லை. “ஏங்க, குளிர்ச்சியெல்லாம் சரி, அப்பளம் நமுத்துப் போகுதே, உப்பு ஜாடியில தண்ணி கட்டுதே” என்கிறாள். அதுவும் நியாயம்தான். அப்பள டப்பாவும் உப்பும் கூலர் இல்லாத அறைக்குக் குடிபோய்விட்டன. விடிகாலையில் பம்பை மட்டும் அணைத்துவிட்டு ஃபேனை ஓடவிட்டால் அறையும் சீவலும் கொஞ்சம் உலரும். பம்பை அணைப்பதால் யூனிட் மிச்சமாகும் என்று சொல்வார்கள், அதெல்லாம் எண்ணிச் சொல்லும் அளவுக்கு இல்லை.

தண்ணீருக்கும் டெல்லியில் ஒரு கோடு இருக்கிறது. மாதம் 20,000 லிட்டர் வரை இலவசம், தாண்டினால் மொத்தத் தண்ணீருக்கும் பணம். கூலர் குடிப்பதால் அந்தக் கோட்டைத் தாண்ட மாட்டோம். மிதவை வால்வு பழுதாகி இரவெல்லாம் வழிந்தால் தாண்டலாம். அதனால் வால்வை இணைக்கவே இல்லை, மாலையில் பக்கெட்டில் ஊற்றுகிறோம். கையோடு கழிப்பறை ஃப்ளஷ் தொட்டியையும் சோதித்தேன். காலை காபிக்குப் பின் மிஞ்சிய டிகாஷனை அதில் ஊற்றிவிட்டு அரை மணி நேரம் யாரும் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். பீங்கானில் பழுப்புக் கோடு இறங்கினால் வாஷர் ஒழுகுகிறது. இறங்கியது, மாற்றினேன்.

வாரம் ஒருமுறை தொட்டியை முழுக்கக் காலி செய்து, தேய்த்து, உலரவிட வேண்டும். இதில் தள்ளிப்போடுவது கூடாது. டெங்குக் கொசு தெளிந்த நீரில்தான் முட்டையிடும். மாநகராட்சி ஆட்கள் வீடு வீடாக வந்து கூலரைத் திறந்து பார்ப்பார்கள், புழு நெளிந்தால் அபராதம் உண்டு. எங்கள் வீட்டில் அது ஞாயிற்றுக்கிழமை வேலை.

ரீடிங் குறிப்பதற்குச் செயலி எதுவும் கிடையாது. ஊரிலிருந்து வரும் தினசரி காலண்டர் சமையலறையில் தொங்குகிறது. காலையில் பால் வாங்கக் கீழே போகும்போது மீட்டரைப் பார்த்து, அன்றைய தாளில் ராகு காலத்துக்குப் பக்கத்தில் எழுதிவிடுவேன். மீட்டர் பல எண்களை மாற்றி மாற்றிக் காட்டும், அதில் கிலோவாட்-ஹவர் (kWh) என்று வருவதுதான் நமக்கு வேண்டியது. மே மாதத்தில் ஒரு சாதாரண நாள்: ஃப்ரிட்ஜ் 1.2, கூலர் 2.2, ஃபேன்கள் எல்லாம் சேர்த்து 1.3, சும்மா இருந்தாலும் போகும் அந்த மிச்ச வாட் 0.5, டிவி, விளக்கு, மிக்ஸி, வாஷிங் மெஷின், தண்ணீர் ஃபில்டர் எல்லாம் சேர்த்து ஒன்று. ஆறேகாலுக்குப் பக்கத்தில் வரும். மாவு அரைக்கும் நாளில் கிரைண்டரால் பெரிய வித்தியாசம் இல்லை. இஸ்திரிப் பெட்டி எடுக்கும் நாளில்தான் ஏழு யூனிட்டைத் தொடும், அதனால் இஸ்திரி இப்போது தெருமுனை வண்டிக்காரரிடம். அவருக்குக் கொடுக்கும் காசு 201வது யூனிட்டை விட மலிவு.

மே, ஜூன் இரண்டு பில்லும் பூஜ்யமாக வந்தன. அதை அப்படியே விட்டால் பணம் எங்கே போனது என்றே தெரியாது, ஸ்விகியில் கரைந்துவிடும். மனைவி வருடக் கணக்கை நோட்டில் போட்டு, சராசரியாக மாதம் ஆயிரம் மிச்சமாகும் என்று பார்த்து, தபால் நிலையத்தில் மாதாமாதம் கட்டும் ஆயிரம் ரூபாய் ஆர்டி (தொடர் வைப்பு) ஒன்று திறந்துவிட்டாள். ஐந்து வருடம், 6.7 சதவீதம். 60,000 கட்டினால் 71,000க்குச் சற்று மேல் வரும். மகள் கல்லூரி சேரும்போது கைக்குக் கிடைக்காது, இரண்டாவது வருடத்தில்தான் கிடைக்கும். அதுவும் உபயோகப்படும் நேரம்தான்.

ஜூலையில் மழை வந்ததும் கூலரின் ஆட்டம் முடிந்தது. காற்றில் ஈரம் ஏறிய பிறகு அது வெறும் சத்தம் போடும் ஃபேன். செப்டம்பர் வரை ஏசிதான், இரவில் ஆறு மணி நேரம், 26 டிகிரி, கூடவே சீலிங் ஃபேன். நாளுக்குப் பத்து யூனிட் போகிறது, மாதம் முந்நூறு. கோடு 400இல் இருப்பதால் நிறைய இடம் இருக்கிறது. இந்த மாதங்களில் யூனிட்டுக்குக் கையிலிருந்து போவது சுமார் மூன்று ரூபாய்தான், விளக்கை அணை, டிவியை அணை என்று யாரையும் விரட்டுவதில்லை. அக்டோபரில்தான் மறுபடி ஆரம்பம், டிசம்பரில் கீசர். குளிர்காலத் தண்ணீரை ஒரு பக்கெட் சூடாக்க அரை யூனிட் ஆகும், நான்கு பேருக்கு இரண்டு. ஃபேன் ஓடாததால் சமாளித்துவிடலாம். அறையைச் சூடாக்கும் ராடு ஹீட்டர் மட்டும் வேண்டாம், இரண்டு கிலோவாட் ஹீட்டர் அரை மணிக்கு ஒரு யூனிட் தின்னும்.

கூலரைக் கட்டி வைக்கும் முன் செய்தவை: தொட்டியைக் காயவைத்து, பெயின்ட் உரிந்த இடங்களில் மறுபடி ஒரு கோட் அடித்தேன். ஃபேன் புஷ்ஷில் இரண்டு சொட்டு மெஷின் எண்ணெய். பம்பைக் கழற்றி, உப்பு நீக்கி, ஒயரைச் சுற்றி அலமாரியில் வைத்தேன். பெட்டிக்கு பிளாஸ்டிக் உறை. சீவலை மட்டும் எடுத்து வைக்கவில்லை. காய்ந்தாலும் பூஞ்சை வாசனை போகாது, அடுத்த மார்ச்சில் புதிதுதான் வாங்க வேண்டும்.